தலைக்கு ஓர் அணை



“பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது” என்று நம் முன்னோர் சொல்லிச் சென்றனர். பசித்தவனுக்குப் பழஞ்சோறும் அமுதாவது போல, உறக்கம் மிகுந்தவனுக்குக் கட்டாந்தரையும் பஞ்சணையாகும் என்பது அதன் கருத்து. சங்க காலப் புலவர் மோசிகீரனார் சேர மன்னனுடைய முரசு கட்டிலை இன்னதென்று அறியாது அதன்மீது ஏறிப் படுத்து உறங்கிவிட்டார். அக்குற்றத்திற்காக வாளை உருவியிருக்க வேண்டிய மன்னன், தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை, அவருடைய உறக்கம் கலையாதவாறு விசிறி கொண்டு வீசி நின்றான். புறநானூறு காட்டும் அழகிய காட்சி அது. களைத்து வந்த புலவர் தலையணை தேடவில்லை.

ஆயினும், பழமொழி ஒன்றைச் சொல்லாமல் விட்டது. சுகம் அறியாது உறங்கியவன், காலையில் எழும்போது கழுத்தைத் திருப்ப இயலாமல் தவிக்கும் தவிப்பை அது சொல்லவில்லை. ஓர் இரவு எங்கேனும் படுத்து எழலாம். நாள்தோறும் எட்டு மணி நேரம், வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்கு, நம் தலையைத் தாங்குகின்ற பொருளைப் பற்றி நாம் எவ்வளவு நேரம் எண்ணிப் பார்க்கிறோம்? ஒரு செருப்பு வாங்கச் சென்றால் நான்கு சோடிகளைப் போட்டு நடந்து பார்க்கிறோம். பேனா வாங்கினால் கடைக்காரரின் தாளில் கிறுக்கிப் பார்க்கிறோம். தலையணை வாங்கும்போது மட்டும், உறையின் பூவேலையைப் பார்த்துவிட்டுப் பணத்தை நீட்டிவிடுகிறோம். இன்று அந்தத் தலையணையைப் பற்றியே உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன். இது சிறிய பொருள் என்று எண்ண வேண்டா. ஒன்றையொன்று ஒப்பிட்டுப் பார்த்துத் தேரும் பழக்கத்தைக் கற்றுக்கொள்ள இதனினும் நல்ல பாடம் அமையாது.

இதை எண்ண நேர்ந்த காரணத்தையும் கூறிவிடுகிறேன். சென்ற ஆண்டு என் பேத்தி கல்லூரியில் சேர்ந்து விடுதிக்குப் புறப்பட்டாள். வாளி, தட்டு, பூட்டு, போர்வை என்று அவள் எழுதிய பட்டியலில் தலையணை என்ற சொல்லைக் காணவில்லை. கேட்டேன். “பாட்டியின் தலையணையையே எடுத்துச் செல்கிறேன், தாத்தா” என்றாள். என் மனைவி இன்று இல்லை. எங்கள் கொல்லையில் நின்ற இலவ மரத்தின் காய்களைப் பறித்து, வெயிலில் உலர்த்தி, கோலால் அடித்து விதை உதிர்த்து, இருபது ஆண்டுகளுக்கு முன் அவள் தன் கையாலேயே தைத்த தலையணை அது. பேத்தி சிறுமியாக இருந்த காலந்தொட்டு அதில்தான் தலை வைத்து உறங்கினாள். அவள் ஆசையில் பிழையில்லை. ஆனால், அப்பெண்ணுக்கு இளமை முதலே மூச்சிரைப்பு உண்டு. படுக்கையறைத் தூசு அவளுக்குப் பகை என்று மருத்துவர் பலமுறை எச்சரித்திருக்கிறார். வீட்டில் இரவில் மூச்சுத் திணறினால் எழுந்து வந்து பார்க்க நாங்கள் இருந்தோம். விடுதியில் யார் இருப்பார்? “கொண்டு போ” என்று சொல்லவும் இயலவில்லை. “வேண்டா” என்று சொல்லவும் நா எழவில்லை.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த முதற் பாடம், தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது. இரண்டாவது பாடம், ஒரு பொருளை ஆராயுமுன் அதன் பயன் யாது என்று கேள் என்பது. ஆகவே இருவரும் திண்ணையில் அமர்ந்து அந்த இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்கினோம். தலையணை எதற்காக?

பண்டைய மக்கள் இக்கேள்விக்குப் பலவாறு விடை கூறியிருக்கின்றனர். எகிப்தியர் மரத்தாலும் கல்லாலும் தலைதாங்கிகள் செய்து அவற்றின்மீது தலை வைத்து உறங்கினர். 1922-ஆம் ஆண்டில் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த துட்டன்காமன் கல்லறையில் தந்தத்தாலும் கண்ணாடியாலும் இயன்ற தலைதாங்கிகள் கிடைத்தன. சீனத்தில் சோங் மரபினர் ஆண்ட காலத்தில் பீங்கானால் செய்த தலையணைகள் வழங்கின; அவை கோடையில் குளிர்ச்சியாக இருக்கும். சப்பானியப் பெண்டிர் தம் உயர்ந்த கொண்டை கலையாதிருக்கும் பொருட்டுக் கழுத்தை மட்டும் தாங்குகின்ற மரப்பெட்டித் தலையணையைப் பயன்படுத்தினர். நம் தமிழகத்திலோ, பாண்டிமாதேவியின் கட்டிலில் அன்னத்தின் தூவி பெய்த மெல்லணை இருந்ததாக நெடுநல்வாடை கூறுகிறது. எளிய மக்கள் மணைக்கட்டையையோ மடித்த சேலையையோ தலைக்கு வைத்துக்கொண்டனர். இவற்றைக் கேட்ட பேத்தி, “ஒருவருக்குக் குளிர்ச்சி வேண்டும், ஒருவருக்குக் கொண்டை கலையக் கூடாது, அவரவர் தேவையே அவரவர் தலையணையாக வடிவெடுத்திருக்கிறது” என்றாள். மாணவி ஆசிரியருக்கு முன்னே சென்றுவிட்டாள்!

ஆனால் எல்லாத் தேவைகளுக்கும் அடிப்படையான தேவை ஒன்று உண்டு. அது நம் உடல் அமைப்பைப் பற்றியது. மனிதனுடைய தலை ஏறத்தாழ 5 கிலோகிராம் எடையுள்ளது. அதைத் தாங்கும் கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள் உள்ளன. நெடுங்கழுத்துடைய ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே ஏழுதான். அவ்வேழும் நேர்க்கோலாக அடுக்கப்படவில்லை. முன்புறமாகச் சிறிது வளைந்து அமைந்துள்ளன. நாம் நிமிர்ந்து நிற்கும்போது அவ்வளைவு இயல்பாக இருக்கிறது. படுக்கும்போதும் அது கெடாதவாறு தலைக்கும் கழுத்துக்கும் அடியிலுள்ள இடைவெளியை நிரப்புவதே தலையணையின் தொழில். தலையை உயர்த்துவது அதன் தொழில் அன்று. இடைவெளியை நிரப்புவதே தொழில். இந்த வேறுபாட்டை நன்கு மனத்தில் கொள்ளுங்கள்.

இடைவெளி எல்லோர்க்கும் ஒன்றாக இராது. மல்லாந்து உறங்குவோர்க்கு அது சிறிது. ஆதலின் தாழ்ந்த தலையணை போதும். உயர்ந்த தலையணையை வைத்தால் முகவாய் மார்பை நோக்கிச் சாயும், கழுத்து வளையும். ஒருக்களித்து உறங்குவோர்க்குக் காதுக்கும் படுக்கைக்கும் இடையே தோளின் அகலமளவு இடைவெளி உண்டு. அவர்க்குச் சற்று உயர்ந்ததும் உறுதியானதும் ஆகிய தலையணை வேண்டும். கவிழ்ந்து உறங்குவோர்க்கு மிக மெல்லியது போதும், இல்லாதிருப்பினும் நன்று. படுக்கையையும் கணக்கில் கொள்ள வேண்டும். மெத்தையில் தோள் சிறிது அமிழும்; கோரைப் பாயில் அமிழாது. ஆதலால் பாயில் ஒருக்களித்துப் படுப்பவருக்கு, மெத்தையில் படுப்பவரைவிடச் சற்று உயர்ந்த தலையணை தேவைப்படும். ஓராண்டு நிரம்பாத குழந்தைக்கோ தலையணையே ஆகாது. மெத்தென்ற பொருள் மூக்கை அடைத்து மூச்சுக்கு இடையூறு செய்யும் என்பது மருத்துவர் அறிவுரை. தலை உருண்டையாக வேண்டும் என்று கடுகுத் தலையணை வைக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அதனையும் அவர்கள் ஏற்பதில்லை.

நோக்கம் தெளிவாயிற்று. அடுத்து, தலையணைக்குள் அடைக்கும் பொருள்களை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது இலவம் பஞ்சு. “இலவு காத்த கிளி” என்ற தொடரை அறியாதார் இலர். காய் பழுக்கும் என்று காத்திருந்த கிளிக்குப் பஞ்சு பறந்தது ஏமாற்றமே. நமக்கு அது செல்வம். அவ்விழையின் ஒவ்வொரு நாரும் உள்ளே கூடுடைய குழல். அக்கூட்டில் காற்று நிறைந்திருக்கும். புறத்தே மெழுகுப் பூச்சு உண்டு. ஆகையால் அது மிக இலேசானது. நீரில் எளிதில் நனையாது. நார் குட்டையாகவும் வழுவழுப்பாகவும் இருப்பதால் நூலாகத் திரிக்க அது இணங்குவதில்லை. துணிக்கு ஆகாதது என்பதனாலேயே அணைக்கு உரியதாயிற்று. நம் மாநிலத்தில் தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் இலவம் பஞ்சு வாணிகத்திற்குப் பெயர் பெற்றது.

இவ்விழை நீரில் மிதக்கும் இயல்புடையதாதலால் இரண்டாம் உலகப் போரில் கடற்படையினரின் உயிர்காப்பு அங்கிகளில் வைத்துத் தைக்கப்பட்டது. அப்பஞ்சு பெருமளவில் விளைந்த ஜாவாத் தீவு 1942-ஆம் ஆண்டில் சப்பானியர் வசமாயிற்று. பஞ்சு வரவு நின்றது. அமெரிக்க அரசு அதற்கு மாற்றாக, நம் எருக்கின் இனத்தைச் சேர்ந்த ஒரு காட்டுச் செடியின் காய்ப் பஞ்சை நாடியது. 1944-ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பள்ளிச் சிறுவர் சிறுமியர் பை பையாக அக்காய்களைப் பறித்துக் கொடுத்தனர். நாம் தலைக்கு வைத்து உறங்கும் பஞ்சு, கடலில் வீழ்ந்தவரின் தலை நீருக்குமேல் நிற்க உதவியது என்பது வியப்பன்றோ?

இலவம் பஞ்சின் குறைகளையும் கூற வேண்டும். நாளடைவில் அது நொறுங்கித் துகளாகும், கட்டியாகும், தலையணை தட்டையாகும். நீரில் தோய்த்துத் துவைத்தால் பழைய மென்மை மீள்வது அரிது. வெயிலில் காயவைத்துத் தட்டியே அதனைப் பேண வேண்டும். தீ எளிதில் பற்றும். ஆதலின் விளக்கருகே வைத்தல் ஆகாது.

இரண்டாவது பருத்திப் பஞ்சு. இது வியர்வையை உறிஞ்சும். ஆகவே கோடையில் முகத்துக்கு இதமானது. ஆனால் உறிஞ்சிய ஈரமும் எண்ணெயும் உள்ளேயே தங்கும், பஞ்சு இறுகும், தலையணை கருங்கல்லாகும். எனினும் பருத்திக்கு வேறெதற்கும் இல்லாத ஒரு சிறப்பு உண்டு. உறையைப் பிரித்து, பஞ்சைக் கொட்டிப் புதுக்கி, மீண்டும் அடைத்துத் தைத்துவிடலாம். முன்னாளில் பஞ்சு கொட்டுவோர் வில் போன்ற கருவியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக வருவர். அதன் நாண் ஒலிக்கும் ஓசை கேட்டதும் வீடுதோறும் பழைய தலையணைகள் திண்ணைக்கு வரும். அன்று மாலை அவை மறுபிறவி எடுத்துவிடும்.

மூன்றாவது பறவையின் தூவி. வாத்து, பெருவாத்து ஆகியவற்றின் மெல்லிறகு குளிர்நாட்டார் விரும்புவது. கதகதப்பும் மென்மையும் உடையது; ஆனால் தலையின் பாரத்தில் அமுங்கிவிடும்; ஒருக்களித்துப் படுப்பவருக்குப் போதிய தாங்குதல் தராது. விலையும் மிகுதி. வெப்பமும் ஈரமும் மிக்க நம் கடற்கரை ஊர்களில் அதன் கதகதப்பே அதன் குறையாகிவிடும்.

நான்காவது பாலியெஸ்டர் இழை. கடைகளில் ஃபைபர் தலையணை என்று விற்பது இதுவே. 1941-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இரு வேதியியலறிஞர் இவ்விழையை உருவாக்கினர். இலவம் பஞ்சைப் போலவே உட்கூடு உள்ள இழைகளையும் இதில் செய்கின்றனர். இயற்கையிடம் பாடம் கேட்ட செயற்கை என்று இதனைச் சொல்லலாம். விலை குறைவு, எடை குறைவு, எல்லாவற்றிற்கும் மேலாக, நீரில் துவைத்து உலர்த்தலாம். ஆனால் நெடுநாள் உழைக்காது. ஓரிரு ஆண்டுகளில் இழைகள் திரண்டு உருண்டையாகி நடுவில் பள்ளம் விழும். வியர்வையை உறிஞ்சாது, ஆதலின் மேலே பருத்தி உறை இன்றியமையாதது.

ஐந்தாவது ரப்பர் நுரை. ரப்பர் மரத்தின் பாலை நுரைக்கக் கடைந்து, அச்சில் வார்த்து, சூட்டில் இறுகச் செய்வது இது. 1929-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டன்லப் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் இம்முறை உருவாயிற்று. நம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் அண்டையிலுள்ள கேரளத்திலும் ரப்பர் மரம் விளைகிறது. இத்தலையணை அழுத்தியதும் அமுங்கும். விட்டதும் துள்ளி எழும். பல ஆண்டுகள் வடிவு கெடாது. ஆனால் எடையும் விலையும் மிகுதி. மற்றொன்றையும் நினைவிற் கொள்க: நாம் எல்லாப் படுக்கைகளையும் வெயிலில் போட்டுப் பழகியவர்கள், ரப்பரை வெயிலில் போடலாகாது. வெயில் பட்டால் அது வெடித்துத் தூளாகும். நிழலில் காற்றாட வைத்தலே முறை.

ஆறாவது, மெமரி ஃபோம் என்று கடைக்காரர் கூறும் நினைவு நுரை. 1966-ஆம் ஆண்டில் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவுக்காக, வானூர்தி இருக்கைகளின் மெத்தைக்கென்று சார்லஸ் யோஸ்ட் என்னும் பொறியியலறிஞர் இதனை உருவாக்கினார். உடற்சூட்டினால் இது இளகித் தலையின் வடிவத்தை ஏற்கும். தலையை எடுத்தபின் மெல்ல மெல்லப் பழைய வடிவத்துக்கு மீளும். கழுத்துக்கு நல்ல தாங்குதல் தருவது உண்மையே. ஆனால் சூட்டை உள்ளடக்கி வைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் மின்விசிறி நின்றுபோன இரவில் இதன் குறை புலப்படும். நீரில் தோய்க்க இயலாது. புதிதாக வாங்கும்போது ஒருவகை மணமும் வீசும். சில நாள் காற்றாட வைத்தால் நீங்கும்.

மாணவர்களே, ஆறு வகைகளையும் பார்த்தோம். இவற்றுள் எது சிறந்தது? இப்படிக் கேட்பதே பிழை. யாருக்குச் சிறந்தது, எந்த ஊரில், எந்தப் படுக்கையில், எவ்வளவு பணத்தில் என்று கேட்டால்தான் விடை பிறக்கும். ஒப்பிடுதல் என்பது பொருளைப் பொருளோடு மோதவிடுவது அன்று. ஒவ்வொரு பொருளையும் நம் தேவையோடு பொருத்திப் பார்ப்பதே ஒப்பிடுதல்.

இப்பாடத்தை நான் நூலில் கற்றேன் அல்லேன்; பட்டுத் தெளிந்தேன். தலைமையாசிரியனாக இருந்தபோது பள்ளி விடுதி மாணவர்க்கென நாற்பது தலையணைகள் வாங்க நேர்ந்தது. மூன்று வணிகர்களிடம் விலை கேட்டேன். குறைந்த விலை சொன்னவர் காட்டிய தலையணை பருத்தது. உறையும் புதுமெருகோடு பளிச்சிட்டது. இலவம் பஞ்சு என்றார், நம்பினேன். ஒரு திங்களுக்குள் மாணவர்கள் தும்மலும் கழுத்து வலியுமாக என் அறைக்கு வந்தனர். ஒன்றன் தையலைப் பிரித்துப் பார்த்தேன். மேலே ஒரு பிடி இலவம் பஞ்சு. உள்ளே ஆலைக் கழிவும் கந்தைத் துணுக்கும்! காயின் பசுமையை நம்பிய கிளிக்கும் எனக்கும் என்ன வேறுபாடு? விற்றவர் குற்றம் ஒருபுறம் இருக்க, விலையை ஒப்பிட்ட நான் பொருளை ஒப்பிடவில்லை என்பதே என் குற்றம். அந்நாற்பது சிறுவர்களும் அதற்காக ஒரு மாதம் உறக்கம் கெட்டனர்.

அன்று முதல் நான் கடைப்பிடிக்கும் சோதனைகளை உங்களுக்கும் சொல்கிறேன். முதலில், கையில் எடுத்து எடை பாருங்கள். இலவம் பஞ்சு என்று சொல்லப்படும் தலையணை பளுவாக இருந்தால் ஐயுறுக. இரண்டாவது, மூக்கருகே வைத்து முகருங்கள். ஈர நாற்றமோ எண்ணெய் நாற்றமோ வீசினால் அது பழம்பஞ்சு. மூன்றாவது, விரல்களால் எங்கும் அழுத்திக் கட்டியோ கடினமான துணுக்கோ தட்டுப்படுகின்றதா என்று தடவிப் பாருங்கள். நான்காவது, நார்த் தலையணையாயின் இரண்டாக மடித்து விடுங்கள். உடனே விரிந்தால் உயிருள்ளது. மடிந்தபடியே கிடந்தால் அதன் காலம் முடிந்தது. வீட்டிலுள்ள பழைய தலையணைக்கும் இச்சோதனை பொருந்தும். ஐந்தாவது, உட்பையின் துணி நெருங்க நெய்ததா, தையல் நெருக்கமானதா என்று நோக்குங்கள். ஆறாவது, கடைக்காரர் இசைந்தால் தலை வைத்துப் பாருங்கள். உடன் வந்தவர் பக்கத்தே நின்று, உங்கள் மூக்கும் மார்பின் நடுவும் ஒரே கோட்டில் உள்ளனவா என்று பார்த்துச் சொல்லட்டும். நாணத்திற்கு இதில் இடமில்லை. இணையத்தின் வழியே வாங்குவோர் தொட்டுப் பார்க்க இயலாதாகையால், உள்ளே அடைத்த பொருள் யாது, உயரம் எவ்வளவு, துவைக்கலாமா, திருப்பித் தரலாமா என்னும் நான்கையும் படித்தறிந்த பின்னரே பணம் செலுத்துக.

விலையைப் பற்றியும் ஒரு கணக்கு. எடுத்துக்காட்டாக, 300 ரூபாய்த் தலையணை ஓராண்டு உழைக்கிறது. 1,200 ரூபாய்த் தலையணை ஆறாண்டு உழைக்கிறது என்று கொள்வோம். முன்னதற்கு ஆண்டுக்கு 300 ரூபாய் செலவு. பின்னதற்கு 200 ரூபாயே. ஆகவே விலை உயர்ந்தது மலிவாதலும் உண்டு. ஆனால் அதைக் கொண்டே முடிவு செய்துவிடலாகாது. உங்களுக்கு வேண்டிய குணம் 300 ரூபாய்ப் பொருளில்தான் இருக்கிறது என்றால், அதனை ஆண்டுதோறும் மாற்றுவதே அறிவுடைமை. கணக்கு நமக்குத் துணைவன்; தலைவன் அன்று.

இனி என் பேத்தியின் வழக்குக்கு வருவோம். அவளுடைய தேவைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதச் சொன்னேன். அவள் முதலில் எழுதியது மூச்சு. தூசு உண்ணி என்னும் நுண்ணுயிர் ஒன்று உண்டு. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கே நீளமுடையது, கண்ணுக்குத் தெரியாது. நம் தோலிலிருந்து உதிரும் செதில்களை உண்டு படுக்கையில் வாழும். அது நம்மைக் கடிப்பதில்லை. ஆனால் அதன் கழிவு, மூச்சிரைப்பு உடையவருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். ஈரமான காற்று அதற்கு இன்பம். வறட்சியும் சூடும் பகை. 60 பாகை செல்சியசு வெப்பமுள்ள நீரில் துவைத்தால் அது மடியும்.

“அப்படியாயின் செயற்கை இழைத் தலையணையில் உண்ணி வாராதா, தாத்தா?” என்றாள். வரும் என்றேன். செயற்கைப் பொருளில் உண்ணி அண்டாது என்று பலர் எண்ணுவது தவறு. எந்தத் தலையணையாயினும் நாம் தலை வைக்கும் நாள் முதல் அதற்கு உணவு கிடைக்கத் தொடங்கிவிடுகிறது. ஆனால் இழைத் தலையணையைத் துவைக்கலாம். இலவம் பஞ்சைத் துவைக்க இயலாது. உண்ணி வாராத தலையணை உலகில் இல்லை. வந்ததை நீக்கக்கூடிய தலையணை உண்டு. நமக்கு வேண்டியது அதுவே.

அவள் ஒருக்களித்து உறங்குபவள். ஆகவே சற்று உயரம் வேண்டும். விடுதியில் இருப்பது மெல்லிய மெத்தை. தோள் மிகுதியாக அமிழாது. ஊர் வெப்பமானது; நினைவு நுரை ஒவ்வாது. கையில் இருந்த பணம் ரப்பர் நுரைக்குப் போதாது. ஆகவே தாளில் எஞ்சியது பாலியெஸ்டர் தலையணை ஒன்றே. நான் சொல்லி அவள் கேட்கவில்லை; அவள் எழுதிய தாளே அவளுக்குச் சொல்லிற்று. சிறிது நேரம் அத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பு பாட்டியின் தலையணையை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். மடித்துப் பார்த்தோம், விரியவில்லை. அதன் தையல் ஓரத்தில் மஞ்சள் துகள் உதிர்ந்தது. இருபது ஆண்டுகள் அது தன் கடமையைச் செய்துவிட்டது.

அன்று மாலையே இருவரும் கடைக்குச் சென்று, மேற்கூறிய சோதனைகளை எல்லாம் செய்து, துவைக்கத்தக்க தலையணை ஒன்றை வாங்கினோம். கடைக்காரர் பொறுமைசாலி. “ஐயா, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதுபோல் பார்க்கிறீர்களே!” என்று சிரித்தார். திரும்பி வந்தபின் என் மகள், தன் தாயின் பழைய நூற்சேலை ஒன்றைக் கத்தரித்து மூன்று உறைகள் தைத்துக் கொடுத்தாள். வாரம் ஓர் உறையாக வெந்நீரில் துவைத்து மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. ஆகவே பேத்தி பாட்டியின் நினைவை விட்டுச் செல்லவில்லை. துவைக்கத்தக்க வடிவில் எடுத்துச் சென்றாள். பழைய தலையணை இப்போது என் சாய்வு நாற்காலியில் முதுகுக்கு அணையாக இருக்கிறது.

முதல் விடுமுறைக்கு வந்தவள், இரவில் மூச்சிரைப்பு குறைந்திருப்பதாகக் கூறினாள். தலையணை ஒன்றினாலேயே குறைந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஊர் மாறியது, அறை மாறியது, மருந்தும் மாறியது. பல காரணங்கள் கூடிய இடத்தில் ஒன்றுக்கு மட்டும் மாலை சூட்டுவது அறிவியல் நெறி அன்று. ஆயினும், விலக்கக்கூடிய ஒரு தீங்கை நாங்கள் விலக்கினோம் என்னும் அமைதி எனக்கு உண்டு.

மாணவச் செல்வங்களே, நாளை நீங்கள் கல்லூரியைத் தேர்வீர்கள், தொழிலைத் தேர்வீர்கள், நண்பரைத் தேர்வீர்கள். அப்போதெல்லாம் மூன்று கேள்விகளை மறவாதீர்கள். இது எதற்காக? என் தேவைக்கு இது பொருந்துமா? உறைக்குள்ளே இருப்பது என்ன? தலையணை வாங்கும்போதே இவற்றைக் கேட்டுப் பழகியவர், பெரியவற்றைத் தேரும்போது தடுமாறார்.

இன்றிரவு வீட்டில் உங்கள் தலையணையை ஒரு முறை மடித்துப் பாருங்கள். அது விரிகின்றதா, மடிந்தே கிடக்கின்றதா என்று நோக்குங்கள். தாத்தா பாட்டியின் தலையணையையும் அவ்வாறே பாருங்கள்; கழுத்து வலியை வாய்விட்டுச் சொல்லாத முதியோர் பலர். அவர்களுக்கு நல்லதொரு தலையணையைத் தேர்ந்து கொடுத்தால், இவ்வுரையின் பயன் கைகூடியது என்று மகிழ்வேன்.